அந்தப் பன்றி அன்று சாகவில்லை, அண்ணா

அன்புள்ள அண்ணா,

நீ எங்கே இருந்தாலும் காற்று முகத்தில் அடிக்கிற பக்கமாகத் திரும்பித்தான் உட்கார்ந்திருப்பாய். உன் வாசனை எந்த மிருகத்துக்கும் போய்விடக் கூடாது உனக்கு. அப்படியே உட்கார்ந்திரு. நான் பின்பக்கமாக வந்து பேசுகிறேன்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உன் மகள் தாரணி காலேஜில் இரண்டாம் வருடம் சேர்ந்துவிட்டாள். அண்ணி வேலைக்குத் திரும்பிவிட்டார். வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ், இரண்டு நாள் வீட்டிலிருந்தே. உன் ஆஸ்பத்திரிக் கட்டிலைக் கம்பெனிக்காரர்கள் வந்து எடுத்துப் போனார்கள். அதன் கால் பதிந்த நான்கு குழிகள் கார்ப்பெட்டில் இன்னும் இருக்கின்றன. அண்ணி அந்த இடத்தில் மட்டும் வாக்குவம் போடுவதில்லை. போன வாரம் நான் போட எடுத்தபோது, "அத விட்ரு கவி" என்றார். விட்டுவிட்டேன்.

ஆனால் இதையெல்லாம் சொல்ல நான் உட்காரவில்லை. உன்னிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன் அண்ணா. நீயும் என்னிடம் ஒன்று சொன்னாய். உன்னுடையது எனக்குத் தெரியும். என்னுடையது உனக்குத் தெரிந்திருந்ததா என்பதுதான் தெரியவில்லை.

உன்னைத் தெரியாதவர்களும் என்றைக்காவது இதைப் படிக்கலாம். அதனால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் திருப்பிச் சொல்கிறேன். பொறுத்துக்கொள்.

பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு தேங்க்ஸ்கிவிங் லீவில் உன் ஆபீஸ் நண்பர் ஒருவர் உன்னைத் தன் அத்தை வீட்டுக்குக் கூட்டிப் போனார். டெக்சாஸில் நம் காப்பெலிலிருந்து மேற்கே இரண்டு மணி நேரம். அந்த அத்தைதான் டார்லீன் அம்மா. அங்கே தனியாக மாடு வைத்துக்கொண்டு இருந்தார். காலையில் எழுந்து பார்த்தால் அவருடைய புல் வயல் முழுக்க ஏர் ஓட்டின மாதிரி கிடந்ததாம். காட்டுப் பன்றிகள். ஒரே கூட்டம், ஒரே ராத்திரி. "வேணுங்கிற அளவு சுட்டுட்டுப் போங்க" என்று வீட்டுக்கு வந்த எல்லோரிடமும் சொல்கிற மாதிரி உன்னிடமும் சொன்னார். சாஃப்ட்வேர் ஆளிடம் சும்மா மரியாதைக்குச் சொன்னது. நீ அதைக் காதில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாய்.

அண்ணி ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். "வீட்டுக்குள்ள துப்பாக்கி வந்துச்சுன்னா நானும் தாரணியும் கெளம்பிருவோம்."

"சரி, துப்பாக்கி வேண்டாம். வில்லு?"

"என்னது?"

"வில்லு சுமதி. ஒரு மரம், ஒரு கயிறு. அவ்ளோதான்."

சுவரில் மாட்டத்தான் கேட்கிறாய் என்று நினைத்து அண்ணி தலையாட்டினாராம். இதைச் சொல்லிச் சொல்லி இன்றைக்கும் தன்னையே திட்டிக்கொள்கிறார்.

வில் என்றால் இங்கே மற்றவர்கள் வைத்திருக்கிற, சக்கரமும் குறி பார்க்கும் கண்ணாடியும் வைத்த எந்திரம் இல்லை. உன் உயரத்துக்கு வளைந்த ஒரு மரம். ஐம்பது பவுண்டு கனத்தைத் தூக்குகிற பலத்தோடு நாணை வாய் ஓரம் வரைக்கும் இழுக்க வேண்டும். குறி பார்க்க எதுவும் கிடையாது, கண்தான். பதினைந்து அடிக்குள் பன்றி வர வேண்டும்; உனக்கு அடி என்றால் எப்போதும் காலடிக் கணக்குதான். அதுவும் பக்கவாட்டில் நிற்க வேண்டும். ஆண் பன்றிக்குத் தோளின் மேல் தோல் கேடயம் மாதிரி தடித்திருக்கும். நெஞ்சைக் காட்டிக்கொண்டு நின்றால் அம்பு சரியான இடத்துக்குப் போகாது. அது சாகாமல் ஓடி எங்கேயோ கிடந்து சாகும். அதனால் சந்தேகம் வந்தால் நாணை மெதுவாக இறக்கிவிட வேண்டும். உன்னிடம் இருந்த ஒரே சட்டம் அதுதான்.

முதல் இரண்டு வருடம் ஒன்றுகூட இல்லை. சனிக்கிழமை விடிவதற்கு முன் போவாய், சாயங்காலம் உண்ணி கடித்த காலோடு வருவாய். அண்ணியின் டால்கம் பவுடரை ஒரு சின்ன டப்பாவில் போட்டு எடுத்துப் போவாய், அதை அமுக்கிக் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க. ஒன்பது வருடத்தில் மொத்தம் ஏழு பன்றி. "ஷான், உன் வில்லுக்குக் காத்திருந்தா அதுக எல்லாம் வயசாகித்தான் சாகும்" என்று டார்லீன் அம்மா சிரிப்பார். சண்முகம் அவர் வாயில் ஷான் ஆகிவிட்டது. ஆனால் ஏழில் ஒன்றுகூட ஐம்பது அடி தாண்டி ஓடியதில்லை. நீ பெருமையாகச் சொல்லிக்கொண்டது அதை மட்டும்தான்.

சின்ன வெங்காயமும் வரமிளகாயும் தேங்காய்ச் சில்லும் போட்டு நீ வறுத்துக் கொண்டு வருகிற பன்னிக் கறிக்குப் பாட்லக் விருந்தில் ஒரு கூட்டம் காத்திருக்கும். சாப்பிடாதவர்கள் நாலடி தள்ளி நின்று, "இந்த வாரமும் வேட்டையா?" என்று கேட்பார்கள். நீ சிரித்துக்கொண்டு, "போனேன். அது வரல" என்பாய்.

என் வீட்டுக்காரர் வேலை மாறி நாங்கள் நியூஜெர்சி பிரிட்ஜ்வாட்டரிலிருந்து இங்கே வந்த பிறகுதான் இதையெல்லாம் நான் கண்ணால் பார்த்தேன். எனக்கு இதில் ஒரு ஈடுபாடும் இல்லை. அண்ணி போன் பண்ணியதால்தான் வந்தேன்.

"கவி, உங்கண்ணன் மறுபடியும் விழுந்துட்டு வந்திருக்காரு. கேட்டா ஓடையில பாசி வழுக்கிருச்சுங்கறாரு. நீ ஒருதடவ கூடப் போயேன். நீதான பிசியோதெரபிஸ்ட்."

போனேன். அந்த ஓடைக்கரை உனக்கு ஏன் பிடித்தது என்று பத்து நிமிடத்தில் புரிந்தது. பெக்கான் மரங்களைத் தாண்டினால் ஒரே முள்காடு. நம் ஊர்ச் சீமைக்கருவேலத்துக்கு அண்ணன் தம்பி முறை. பார்த்ததும், "இத வெட்டறதுக்கு இங்கயும் ஆள் கெடைக்கறதில்ல அம்மிணி" என்றாய். சத்தமில்லாமல் உட்கார்ந்தோம். எனக்கு நாற்பத்திரண்டு வயது. கல்யாணம் ஆனதற்குப் பிறகு உன் பக்கத்தில் மூன்று மணி நேரம் பேசாமல் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அடுத்த சனிக்கிழமையும் வந்தேன். ஒரு மாதத்தில் எனக்கென்று நாற்பது பவுண்டில் ஒரு வில் வாங்கிக்கொண்டேன். வீட்டுக்குப் பின்னால் நுரையில் செய்த பன்றி பொம்மையை நிறுத்தி அடித்துப் பழகினேன். இரண்டு வருடம் கூடவே வந்தேன். ஒரு உயிர் மேல் ஒரு அம்பும் விட்டதில்லை.

இரண்டாம் வருட நவம்பரில்தான் உன் கையைப் பார்த்தேன்.

நாணைப் பிடித்திருந்தாய். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் புடைத்திருக்க வேண்டிய தசை குழியாக இருந்தது. ஒரு ஸ்பூன் எண்ணெய் ஊற்றலாம், அவ்வளவு குழி. புறங்கையில் தோலுக்கு அடியில் என்னவோ துடித்துக்கொண்டே இருந்தது. எனக்கு இருபது வருட சர்வீஸ் அண்ணா. அந்தக் குழியை நான் வேறு ஆட்களின் கையில் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஒவ்வொருவரும் என் முன்னால் எப்படி வந்தார்கள், எப்படி வராமல் போனார்கள் என்று எனக்குத் தெரியும்.

மூன்று வாரம் உன்னிடம் சொல்லவில்லை. சொல்லாத வரைக்கும் உனக்கு அது இல்லை என்று ஒரு முட்டாள்தனம். அந்த மூன்று சனிக்கிழமையும் நீ சந்தோஷமாக இருந்தாய். சொல்லியிருந்தால் மூன்று வாரம் முன்னாலேயே டாக்டரிடம் போயிருப்பாய். போயிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. இந்த இரண்டில் எதை நினைத்து நான் அழ வேண்டும் என்று இன்னும் தெரியவில்லை.

ஏ.எல்.எஸ். என்றார்கள். நரம்பு ஒவ்வொன்றாகச் சாகும், அது பிடித்திருந்த தசை ஒவ்வொன்றாகப் படுத்துவிடும், மனது மட்டும் அப்படியே இருக்கும். மருந்து தள்ளிப்போடும், நிறுத்தாது. குடும்பத்தில் வருகிற வகை இல்லை என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். அப்படியும் தினமும் பல் தேய்க்கும்போது என் கட்டைவிரல் பக்கத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொள்கிறேன். இதை வேறு யாரிடமும் சொன்னதில்லை.

ஐம்பது பவுண்டு வில் நாற்பத்தைந்து ஆனது. பிறகு நாற்பது. நாற்பதையும் வாய் ஓரம் வரை இழுக்க முடியாமல் போன அன்று, முப்பது பவுண்டில் ஒன்று இருக்கிறதாமே என்று நான் போனில் தேடிக் காட்டினேன்.

"முப்பதுல அம்பு உள்ள போகாது அம்மிணி. எனக்குக் கை வரலைங்கறதுக்கு அது ஏன் கஷ்டப்படோணும்?"

அதோடு நிறுத்திவிட்டாய். ஒரு புகார் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நான்தான் காருக்குப் போய் அழுதேன்.

கடைசித் தடவை போன வருட அக்டோபர். நீ வீல்சேரில் இருந்தாய். பேச்சு குழற ஆரம்பித்திருந்தது. அண்ணிக்கும் எனக்கும் மட்டும்தான் முழுக்கப் புரியும். "ஒரு தடவை போயிட்டு வரலாம்" என்று நீ சொல்லி முடிக்க அரை நிமிடம் ஆனது. அண்ணி, "இந்த நெலமையிலயா?" என்றார். பிறகு அவரே எழுந்து போய் உன் ஜாக்கெட்டை எடுத்து வந்தார்.

டார்லீன் அம்மா தன்னுடைய சின்னப் பண்ணை வண்டியில் உன்னை உட்காரவைத்து ஓடை வரைக்கும் கொண்டுவந்து விட்டார். மறைப்புக் கூடாரத்தைக் காலையிலேயே கட்டி வைத்திருந்தார். உன் நாற்காலியை அதற்குள் இறக்கி, கழுத்துக்குத் தலையணை வைத்தேன். "போன் பண்ணு, ஹனி" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். மத்தியானம் மூன்று மணி. காற்று முகத்தில்தான். பவுடர் டப்பாவை நான் அமுக்கினேன், நீ பார்த்தாய்.

நான் சும்மா உன்னைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தேன். வில் கையில் இருந்தது, அவ்வளவுதான். ஆனால் ஐந்து மணிக்கு ஒரு ஆண் பன்றி தனியாக வந்தது. கருப்பு. நனைந்த மண் வயிறு வரைக்கும். பெக்கான் கொட்டையைக் கடிக்கிற சத்தம் நமக்குக் கேட்டது. நீ என்னைப் பார்த்தாய். கண்ணாலேயே வில்லைக் காட்டினாய்.

முடியாது என்று தலையாட்டினேன். நீ மறுபடியும் காட்டினாய். உன் முகத்தில் அப்போது இருந்த ஆசையை வேறெதற்கும் அந்த ஒரு வருடத்தில் நான் பார்க்கவில்லை. இட்லியைப் பிசைந்து ஊட்டியபோது இல்லை, தாரணி வந்து கட்டிக்கொண்டபோதுகூட இல்லை. உனக்கு எதையாவது கொடுக்க முடியுமா என்று தவித்துக்கொண்டிருந்தவள் நான். எழுந்தேன்.

பன்னிரண்டு அடி. பக்கவாட்டில் நின்றது. நாணை இழுத்தேன். இழுத்து முடிப்பதற்குள் அது திரும்பியது. தலையையும் நெஞ்சையும் என் பக்கம் கொஞ்சம் காட்டியபடி நின்றுவிட்டது. நாற்பது பவுண்டை எவ்வளவு நேரம் பிடித்திருக்க முடியும்? அப்போது பின்னாலிருந்து உன் குரல் வந்தது.

"விடு."

நான் விட்டேன்.

நல்ல வாய் இருந்த காலத்தில் நீ "எறக்கு" என்றுதான் சொல்வாய். அதைச் சட்டென்று சொல்ல உன் நாக்கு வளையவில்லை. அந்த நொடியில் உன்னால் சொல்ல முடிந்த சொல் அது ஒன்றுதான் அண்ணா. அம்பை விடு என்றாலும் அதுதான், அதை விட்டுவிடு என்றாலும் அதுதான். கை வலித்தவளுக்கு எது வேண்டுமோ அது கேட்டது.

அம்பு தோளை உரசிக்கொண்டு பின்னால் வயிற்றுக்குள் போனது. அந்தச் சத்தம் தப்பான சத்தம் என்று எனக்கே தெரிந்தது. பன்றி ஒரு தடவை கத்திவிட்டு முள்காட்டுக்குள் போனது. கிளை முறிகிற சத்தம் தூரமாகப் போய்க்கொண்டே இருந்து நின்றது.

அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது உன் பழக்கம். காத்திருந்தோம். திரும்பி உன்னைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பிறகு உன்னைக் கூடாரத்தில் விட்டுவிட்டுப் போனேன். நாற்பது அடியில் அம்பின் பின்பாதி முறிந்து கிடந்தது. ரத்தம் கொஞ்சம். மீதியெல்லாம் பச்சையாக, சாணி நாற்றம். குடல். அதைப் புல்லில் துடைத்தேன். ஏன் துடைத்தேன்? உனக்குக் காட்டாமல் இருக்கத்தான்.

அதற்கு மேல் எனக்குத் தடம் பார்க்கத் தெரியாது. இலையில் ஒரு சொட்டு, கல்லில் ஒரு சொட்டு என்று நீ நூல் பிடித்த மாதிரி போவாய். பார்க்கத் தெரிந்தவன் நாற்காலியில் இருந்தான். நடக்க முடிந்தவளுக்குக் கண் தெரியவில்லை. முள் கிழிக்கக் கிழிக்கத் தவழ்ந்தேன். மூன்று இடத்தில் சொட்டு கிடைத்தது, நான்காவது கிடைக்கவில்லை. வெளிச்சம் போக ஆரம்பித்தது. உன்னைத் தனியாக விட்டு எவ்வளவு நேரம் ஆனது என்று அப்போதுதான் உறைத்தது. ஓடி வந்தேன்.

கழுத்துத் தலையணை நழுவியிருந்தது. உன் தலை நெஞ்சில் கவிழ்ந்து கிடந்தது. நிமிர்த்த உன்னால் முடியவில்லை. எச்சில் ஜாக்கெட்டெல்லாம் வழிந்திருந்தது. எவ்வளவு நேரமாக அப்படி இருந்தாய்? தலையைத் தூக்கிப் பிடித்தேன். நீ முதலில் கேட்டது, "கெடச்சுதா?"

இல்லை என்றேன். என் கையிலிருந்த அம்பைப் பார்த்தாய். பிறகு உன் கண் உன் மூக்கைக் காட்டியது. புரியாத மாதிரி நின்றேன். மறுபடியும் காட்டினாய். துடைத்த அம்பை உன் மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனேன். நீ மூச்சை இழுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாய்.

வண்டி வரும் வரைக்கும் நீ திறக்கவில்லை.

மறுநாள் காலை நானும் டார்லீன் அம்மாவும் மறுபடியும் தேடினோம். ஒன்றும் இல்லை. மத்தியானம் உன் வீட்டுக்கு வந்தேன். ஹாலில் நீ படுத்திருந்தாய். என் முகத்தையே பார்த்தாய். அந்தப் பொய்யைக் காரில் வரும்போதே தயார் பண்ணி வைத்திருந்தேன்.

"கெடச்சிருச்சுண்ணா. பக்கத்துலயேதான். அறுபது அடிகூட இல்ல. உடனே போயிருக்குது. நாந்தான் நேத்து தாண்டிப் போயிட்டேன்."

நீ ரொம்ப நேரம் பார்த்தாய். "நல்லது" என்றாய்.

அந்தப் பன்றி அன்று சாகவில்லை அண்ணா. அடுத்த நாளும் சாகவில்லை. மூன்றாம் நாள் டார்லீன் அம்மா போன் பண்ணினார். மாடு தண்ணி குடிக்கிற குட்டையில் சேற்றில் படுத்துக் கிடந்ததாம். ஈ மொய்த்துக்கொண்டு. கிட்டே போனபோது எழுந்திருக்கப் பார்த்ததாம், பின்கால் வரவில்லையாம். துப்பாக்கியால் முடித்துவிட்டார். "முடிஞ்சுது ஹனி. ஷானுக்குச் சொல்லாதே" என்றார். கிளினிக்கில் ஒரு பேஷன்ட்டின் முழங்காலைப் பிடித்திருந்தேன். சரி என்று போனை வைத்துவிட்டு, "ஒன், டூ, த்ரீ" என்று எண்ணிக்கொண்டே இருந்தேன்.

குடல் நாற்றம் பிடித்த அம்பு என்றால் பன்றி அறுபது அடியில் விழாது. எனக்குச் சொன்னவனே நீதான். பின்னே என் பொய்யை நீ எப்படி நம்பினாய்? நம்பினாயா?

டிசம்பரில் உன் பேச்சு முழுக்கப் போய்விட்டது. கண்ணால் எழுத்தைப் பார்த்தால் பேசுகிற அந்த எந்திரம் வந்தது. அதற்கு ஆங்கிலம் மட்டும்தான் தெரியும். நம்மிடம் அது வரைக்கும் நீ ஆங்கிலத்தில் பேசியதே இல்லை. அது யாரோ அமெரிக்கக்காரன் குரலில், "வாட்டர் ப்ளீஸ்" என்றபோது தாரணி அறையை விட்டு வெளியே போனாள். பிறகு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "அத்தை, தட்ஸ் நாட் ஹிம்" என்றாள். அது அவள் அப்பா இல்லையாம்.

ஒரு நாள் காலை உன் மூச்சு மாஸ்க்கைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தேன். யாரும் இல்லை. உன் கண் ஸ்கிரீனில் ஓடுவதைப் பார்த்தேன். தண்ணீர் கேட்கப்போகிறாய் என்று நினைத்தேன். ஐந்து நிமிடம் ஓடியது. பிறகு அந்தக் குரல் சொன்னது:

"ஐ செட் ஷூட். மை மிஸ்டேக். நாட் யுவர்ஸ்."

அம்பை விடச் சொன்னது நீதானாம், தப்பு உன்னுடையதாம், என்னுடையது இல்லையாம். நான் உன்னிடம் கேட்கவே இல்லை. இரண்டு மாதமாக அதைப் பற்றி நாம் ஒரு வார்த்தை பேசவில்லை. நீயாக எழுதினாய். நான் அதையே நினைத்துக்கொண்டிருப்பது படுத்துக்கிடக்கிற உனக்குத் தெரிந்திருக்கிறது.

ஆனால் நெஞ்சைக் காட்டி நிற்கிற பன்றி மேல் ஒன்பது வருடத்தில் நீ ஒரு தடவைகூட அம்பு விட்டதில்லை. என்னை விடச் சொல்வாயா? நீ என்னை இறக்கச் சொன்னாய். எனக்கு அது அப்போதே தெரியும். உனக்கிருந்த கொஞ்ச பலத்தில் ஒவ்வொரு எழுத்தாகக் கண்ணால் தேடி, உன் தங்கைக்காக ஒரு பொய்யை எழுதினாய். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டேன். திருப்பிப் பிடிக்க உன் கையில் ஒன்றும் இல்லை.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். "தெரியும்ணா" என்று ஒரு வார்த்தை. சொன்னால் உன் பொய் வீணாகிவிடும் என்று பேசாமல் இருந்தேன். பிப்ரவரியில் ஒரு மத்தியானம் நீ போய்விட்டாய். அண்ணி உன் தலைமாட்டில், தாரணி ஒரு பக்கம், நான் கால்மாட்டில். பாதம் விறைக்காமல் இருக்கத் தினமும் செய்கிற பயிற்சியை அப்போதும் செய்துகொண்டிருந்தேன். நர்ஸ் என் தோளைத் தொட்டு, "யூ கேன் ஸ்டாப் நவ்" என்றார். எத்தனையோ பேரைத் தூக்கி நடக்கவைத்த கை இது. என்ன பிரயோஜனம்?

ஏப்ரலில் டார்லீன் அம்மா கூப்பிட்டார், பன்றிகள் மறுபடியும் வயலை நாசம் பண்ணிவிட்டன என்று. வில்லை எடுத்துக்கொண்டு போனேன். எதற்கென்று எனக்கே தெரியாது. ஒரு பெண் பன்றி வந்தது. பத்து அடி. பக்கவாட்டில், அசையாமல், நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய். என் கை எழவில்லை அண்ணா. தசையெல்லாம் இருக்கிறது, நரம்பெல்லாம் இருக்கிறது. எழவில்லை. அது மெதுவாகக் கொட்டையைத் தின்றுவிட்டுப் போனது.

இப்போது டார்லீன் அம்மா பெரிய கம்பிக் கூண்டு ஒன்று வைத்துவிட்டார். பன்றிகள் உள்ளே வந்தால் போனுக்குப் படம் வருமாம், விரலால் தொட்டால் கதவு விழுமாம். ஒரே தடவையில் பதினாறு பிடித்தாராம். நீ ஒன்பது வருடம் உட்கார்ந்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல். என்னிடம் சொல்லும்போது அவருக்கே சங்கடமாக இருந்தது. "ஷான் வந்தது பன்றிக்காகன்னு நான் ஒருநாளும் நினைச்சதில்லை" என்றார்.

இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அண்ணி. ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் திடீரென்று நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ஒம்பது வருஷம், சனிக்கிழமையானா என்னை விட்டுட்டு அங்க போய் உட்கார்ந்தாரு. அங்க என்னதான் இருக்குதுன்னு நான் ஒருதடவ பாக்க வேண்டாமா?"

"கூட்டிட்டுப் போறேன் அண்ணி."

"அந்தக் கடைசி நாள் என்ன ஆச்சு கவி? வந்ததுல இருந்து அவரு சரியாவே இல்ல. ரெண்டு பேரும் ஏதோ மறைச்சீங்க."

கீரையைப் பார்த்துக்கொண்டு, "அங்க போய்ச் சொல்றேன்" என்றேன்.

வருகிற சனிக்கிழமை அவரைக் கூட்டிப் போகிறேன் அண்ணா. டார்லீன் அம்மா மத்தியானச் சாப்பாடு செய்து வைக்கிறேன் என்றிருக்கிறார். தாரணியும் வருகிறேன் என்று மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். வில் எடுத்துப் போகவில்லை. ஓடைக்கரையில் உன் கூடாரம் இருந்த இடத்தில் அவர்களை உட்காரவைத்து நடந்ததையெல்லாம் சொல்வேன். நீ "விடு" என்றதை, நான் என் வசதிக்கு விட்டதை, அம்பைத் துடைத்ததை, அது குட்டையில் போய் முடிந்த மூன்று நாளை. தப்பு உன்னுடையது இல்லை, என்னுடையது என்று அவர்களிடம் சொல்வேன். நீ சுமந்துகொண்டு போனதை அங்கே நான் திரும்ப வாங்கிக்கொள்வேன்.

உன்னைத் தனியாக அந்த நாற்காலியில் தலை கவிழ விட்டுப் போனதைச் சொல்லும்போது அண்ணி அழுவார். என்னைத் திட்டினாலும் திட்டுவார். அப்போது ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவர மாட்டேன், தோளைத் தடவிவிட மாட்டேன், சமாதானம் சொல்ல மாட்டேன். செய்வதற்கு ஒன்றும் இல்லாத இடத்தில் எதையாவது செய்துகொண்டே இருந்தவள் நான். இந்த ஒரு தடவை ஒன்றும் செய்யாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், அவர் எழுந்திருக்கிற வரைக்கும். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உன் ஒரே தங்கை,
கவிதா